தள்ளிவிட்ட கை

மோகனூர்த் தோட்டத்துக் கிணற்றில் வெயில் பாதிச் சுவர் வரைதான் இறங்கியிருக்கிறது. கைப்பிடிச் சுவரே இல்லாத பெரிய கிணறு. நீச்சல் பழக வந்திருக்கும் மகள் பிரபாவின் முதுகில் காலிக் கேனைக் கட்டிவிட்டு, குருமூர்த்தி முடிச்சை மறுபடியும் மறுபடியும் இழுத்துப் பார்க்கிறான். காலேஜில் தத்துவம் படிக்கிற அவன் தங்கை தேவிப்ரியா, மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து அவனைச் சீண்டுவதைப் பாருங்களேன். "அண்ணா, அந்தக் காலத்துச் சீனத்துல ஒரு ஞானி சொல்லியிருக்காருங்க. கெணத்துல உழப்போற கொழந்தையப் பாத்தா எவனுக்கும் மனசு பதறுமாம். அதனால மனுசன் பொறவியிலயே நல்லவனாம்." குருமூர்த்தி சிரிக்கிறான். "அவரு நம்மூருப் பக்கம் வந்ததில்ல அம்மிணி. இங்க பெத்தவனே தள்ளியுடறான்." அவளும் விடுவதாக இல்லை. "மனுசன் பொறவியிலயே கெட்டவன், பழக்கித்தான் திருத்தோணும்னு சொன்ன இன்னொரு ஞானியும் அங்க இருந்தாருங்க. நீங்க அவரு கட்சி!"

"தள்ளாதீங்கப்பா, நானே குதிக்கறேன்" என்கிறாள் பிரபா. ஆனால் அவள் கால்விரல்கள் கல்லை விடுவதாயில்லை. குருமூர்த்தி தள்ளிவிடுகிறான். வெள்ளைக் கேன் வெயிலில் ஒரு முறை மின்னி மறைகிறது. தண்ணீர்ச் சத்தம் அடங்கும் முன்பே இன்னொரு பெரிய சத்தம். புறாக்கள் கிணற்றுப் பொந்துகளிலிருந்து படபடவென்று மேலேறுகின்றன. பிரபா கேனோடு மிதந்து, காலை உதைத்து, படிக்கல்லைத் தானே பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அவள் பக்கத்தில் வேட்டி சட்டையோடு குருமூர்த்தி மூச்சு வாங்குகிறான்.

"நீங்க எதுக்குங்கப்பா குதிச்சீங்க?"

"வேர்த்துச்சு சாமி" என்கிறான். சட்டைப்பையில் செல்போன் தண்ணீரோடு கிடக்கிறது.