பெரிய டாக்டர் அறைக் கம்ப்யூட்டர்

"பணத்தைக் கிணத்துல போட்டிருந்தாக்கூட தொபுக்குனு ஒரு சத்தமாவது கேட்டிருக்கும். உங்க புது ஹார்ட் டிஸ்க்ல அதுகூட இல்லையே, தம்பி!"

கணக்கம்மா பொரிந்து தள்ள, கம்ப்யூட்டர்காரர் நின்ற இடத்திலேயே நெளிந்தார். அந்த மருத்துவமனையில் ஒரு பொட்டலம் பஞ்சு வாங்குவதென்றாலும் அவள் கையெழுத்து வேண்டும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில்தான் இருந்தது. மற்றபடி முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் கணக்கம்மாதான்.

விஷயம் இதுதான். ஸ்கேன் படம் திறக்க யுகமாகிறது என்று எல்லா அறைகளிலிருந்தும் புகார். வேகமான ஹார்ட் டிஸ்க் போட்டால் பறக்கும் என்றார் கம்ப்யூட்டர்காரர். விலையைக் கேட்டதும் கணக்கம்மாவுக்கு உயிரே பறந்துவிட்டது. "கம்ப்யூட்டரே அரதப் பழசு. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணமா?" என்று முகம் சுளித்துவிட்டு, பெரிய டாக்டர் அறையில் மட்டும் ஒன்று போட்டுப் பார்க்கச் சம்மதித்தாள். அது உருப்படியாக ஓடினால் மற்ற அறைகளுக்கும் வாங்கலாம். வாங்கலாமா, வேண்டாமா என்று இன்று மாலைக்குள் முதலாளிக்குச் சொல்லியாக வேண்டும். தப்பாகச் சொன்னால், இத்தனை வருடமாகக் கட்டிக்காத்த பெயர் காற்றோடு போய்விடும்.

"மேடம், டாக்டர் இன்னும் வரல. நீங்களே வந்து ஒருதடவை பார்த்துடுங்க" என்று கெஞ்சினார் கம்ப்யூட்டர்காரர்.

போய்ப் பார்த்தாள். ஒரு தட்டுத் தட்டியதும் யாருடைய முழங்காலோ திரையில் வந்து நின்றது. அவளே மவுஸைப் பிடுங்கித் தட்டினாள். தோள்பட்டை, இடுப்பு, நுரையீரல் என்று கண் இமைப்பதற்குள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

"அப்ப டாக்டர் ஏன் 'இந்த டப்பா எருமை மாடு மாதிரி அசையுது'னு சொல்றாரு? சிஸ்டர்தானே வந்து சொன்னாங்க?"

மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த சிஸ்டர் திரும்பினாள். "நான் சொன்னது நிஜம்தாங்க. நேத்து ஒரு பெரியவருக்குப் பட்டுனு திறந்துச்சு. அடுத்து வந்த பொண்ணுக்கு மக்கர் பண்ணிடுச்சு. டாக்டர் பாவம், படம் வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணுகிட்ட ஊர்க்கதையெல்லாம் பேசிக்கிட்டு இருந்தாரு."

"படம் பெருசா இருந்திருக்குமோ?"

"எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் மேடம்."

"சூடாகிடுதோ?"

"ஏசி ரூம்ல என்ன மேடம் சூடு?"

"அப்ப என்னதான்யா ஆகுது? ஆள் பார்த்துத் திறக்குதா உங்க டிஸ்க்கு?"

கம்ப்யூட்டர்காரர் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறை. அதற்குள் பெரிய டாக்டரே வந்துவிட்டார். கணக்கம்மா அவரையும் விடவில்லை.

"டாக்டர், இந்த டிஸ்க் மத்த ரூமுக்கும் வாங்கலாமா?"

"தாராளமா வாங்குங்கம்மா. நல்ல வேகம்."

"மெதுவா இருக்குனு நீங்களே சொன்னீங்களாமே?"

"சில நேரம் மெதுவாவும் இருக்கு."

"அது எப்படி டாக்டர் ரெண்டும்?"

"அது அப்படித்தாம்மா" என்று கழுவுற மீனில் நழுவுற மீனாகச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளை வரச்சொல்லி மணியை அடித்தார். கணக்கம்மாவுக்குத் தலை சுற்றியது. படித்த மனுஷனுக்கு மவுஸைத் தட்டத் தெரியவில்லையோ என்றுகூடச் சந்தேகம் வந்தது.

நேரில் உட்கார்ந்து பார்த்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். அதற்கு வழியும் இருந்தது. அவள் கழுத்தில் சின்னதாக ஒரு வீக்கம். கிடக்கட்டும் என்று விட்டிருந்ததை, சிஸ்டரின் நச்சரிப்பு தாங்காமல் காலையில்தான் ஸ்கேன் எடுத்திருந்தாள். மதியம் டாக்டரைப் பார்க்க டோக்கனும் இருந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று குஷியாகக் கிளம்பினாள்.

அவளுக்கு முன்னால் போனவர் போன வேகத்தில் வெளியே வந்தார். "படம் சட்டுனு வந்துச்சாங்க?" என்று மறித்துக் கேட்டாள். "உடனே வந்துடுச்சும்மா" என்றார் அவர், பல்லெல்லாம் தெரிய. சரி, வாங்கலாம் என்று பாதி முடிவு செய்துகொண்டே உள்ளே போய் உட்கார்ந்தாள்.

திரை டாக்டரின் பக்கம் திரும்பியிருந்தது. கணக்கம்மா அவர் கையையே கவனித்தாள். சரியாகத்தான் தட்டினார், கையில் குறையில்லை. தட்டியவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இழுக்குதும்மா. கொஞ்ச நேரமாகும்."

"பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்!" கணக்கம்மா நாற்காலியில் துள்ளினாள். "தண்டச் செலவு டாக்டர். வேண்டாம்னே முதலாளிகிட்ட சொல்லிடறேன்."

"சொல்லிக்கலாம், அதுக்கு என்ன அவசரம்? சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு டாக்டர்."

"வீட்டுக்காரர் பக்கத்துலதான் வேலை பார்க்கிறாரு இல்ல? கூப்பிட்டா இப்ப வர முடியுமா அவரால?" டாக்டர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "படம் வர்ற வரைக்கும் சும்மாதானே உட்கார்ந்திருக்கப் போறோம்."

"அவரு எதுக்கு டாக்டர்..." என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவளின் கண்ணில், டாக்டருக்குப் பின்னால் இருந்த மருந்து அலமாரியின் கண்ணாடிக் கதவு பட்டது. அதில் கம்ப்யூட்டர் திரை பளிச்சென்று தெரிந்தது. திரையில் அவளுடைய கழுத்துப் படம் எப்போதோ முழுதாகத் திறந்து கிடந்தது.