பிறந்த நேரம் கட்டாயம்

25:00 என்று அடித்தாள். சிவப்பு.

12:60. சிவப்பு.

00:00. பச்சை.

திருமணத் தகவல் தளம் ஒன்றில், பிறந்த நேரத்துக்கான கட்டம். வருகிறவர்கள் அதில் எதையெதையோ எழுதிவிட்டுப் போகிறார்கள். தடுப்பதற்கு, அடித்தது சரியான வடிவத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு வரி ரெகெக்ஸ் எழுதச் சொல்லியிருந்தார்கள்.

^([01][0-9]|2[0-3]):[0-5][0-9]$

இரண்டு இலக்கம், நடுவில் இரு புள்ளி, மறுபடி இரண்டு இலக்கம். வேறு எதுவும் உள்ளே வராது.

டீம் லீடர் ஜெரால்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். பழைய பதிவுகளைப் படித்தார்.

“‘கோழி கூவுற நேரம்’னு ஒருத்தர் போட்டிருக்கார் பாருங்க. எந்த ஊர்க் கோழின்னு சொல்லலையே.”

அவளும் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது.

“காலியா விட்டா ஏத்துக்கலாமா?”

“வேணாம். அப்புறம் ஜாதகம் எப்படிப் போடுறது?”

“நேரம் தெரியாதவங்க?”

“ஏதாவது போடட்டும். உண்மையான்னு நாம எங்க பாக்கப் போறோம்.”

அவர் போய்விட்டார்.

கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்த்தாள்.

சிவப்பு.

போன் அதிர்ந்தது. சாத்தூரிலிருந்து அம்மா.

“சாப்டியாடி?”

“ம்.”

“பையன் வீட்டுல சாயங்காலம் ஜோசியர்ட்டப் போறாங்களாம். ஒன் பொறந்த நேரம் கேக்குறாங்க.”

அவள் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது அம்மா அவளை ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து தூக்கிவந்தாள். இல்லம் கொடுத்த காகிதத்தில் தேதி இருந்தது. நேரம் இல்லை.

அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

பையன் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

“சொல்லிரலாமாம்மா?”

அந்தப் பக்கம் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

“இது ஒண்ணாச்சும் தகையட்டும்டி.”

யாரோ ஏசியைக் கூட்டி வைத்தார்கள். விரல்கள் குளிர்ந்திருந்தன. அவை தன்னுடையவை போல இல்லை.

14:20 என்று அடித்தாள்.

பச்சை.

“பகல் ரெண்டு இருபது,” என்றாள்.

அம்மா பேனா தேடுகிறாள் என்று நினைத்தாள். ஜன்னலுக்கு வெளியே மேம்பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன.

“ஆமா,” என்றாள் அம்மா. “நல்ல வெயில்டி அன்னைக்கு. கரண்டு வேற இல்ல.”

அவள் திரையிலிருந்த 14:20-ஐப் பார்த்தாள்.

“ஒன்ன விசிறிக்கிட்டே இருந்தேன்.”

பக்கத்து இருக்கையில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். அவள் போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“அப்புறம்?” என்று கேட்டாள்.