கடைசி கேட்

மாட்டுப் பண்ணைகளைக் கடந்து புரூம் நகரத்துக் கடற்கரைக்குப் போகும் செம்மண் ரோடு அது. குறுக்கே கேட் வந்தால், ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருப்பவர் இறங்கித் திறந்து, வண்டி தாண்டியதும் சாத்த வேண்டும்.

"நீ இப்படி ஆடி அசைஞ்சு இறங்கினா, இன்னிக்குக் கடலைப் பார்த்த மாதிரிதான்!" கடைசி கேட்டில் எரிந்து விழுந்தான் கிளைவ்.

"நீ ஒருதடவை இறங்கிப் பாரு, தெரியும்" என்றபடி இறங்கினாள் அவன் மனைவி மார்லீன்.

வண்டி கேட்டைத் தாண்டியது. அதற்குப்பின் அவள் வாயே திறக்கவில்லை.

"என்ன, கோபமா? அப்படியே உங்கம்மா மாதிரி உம்முனு வா!" வழியெல்லாம் பொரிந்து தள்ளினான்.

கடல் தெரிந்ததும் மனம் இளகியது. "சரி, என் தப்புதான்..." என்று திரும்பினான்.

பக்கத்து இருக்கை காலி!

அவன் அலறியடித்துத் திரும்பி வந்தபோது, சாத்திய கேட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள் மார்லீன்.

"இறங்கு. ஊர் திரும்புறவரைக்கும் நான்தான் ஓட்டுவேன். கேட்டைச் சாத்தினதும் சட்டுனு ஏறிக்க. நானும் திரும்பிப் பார்க்க மாட்டேன்!"