கொத்தாத சுவர்

சுத்தியலின் காம்பால் கொத்தனார் கல்லைத் தட்டினார்.

டொக். டொக். டொப்.

மூன்றாவது சத்தம் வெறுமையாகக் கேட்டது.

"பொக்கு. உள்ள பிடிக்கல," என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல்.

குளியலறை வாசலில் அவள் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். ஒன்றரை வருடம் பூட்டிக் கிடந்த அறை. மூன்று சுவரிலும் கடப்பாக் கல். ஒவ்வொன்றும் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம்.

குழாய்க்கு மேலே மட்டும் ஒரு கல் இல்லை.

அந்த இடத்தில் பழைய ஆயில் பெயிண்ட் பளபளத்தது. நீலச் சதுரம். கதவு பூட்டியிருந்த நாளெல்லாம் அது அவளுக்குத் தெரிந்துகொண்டேதான் இருந்தது.

கல் ஒட்டிய அன்றைக்கு நாத்தனாரின் வளைகாப்புக்கு நான்கு நாள் இருந்தது.

பாக்கியநாதன் கொத்தனார் இதே இடத்தில் நின்றுதான் சொன்னார். பெயிண்டைச் சுரண்ட வேண்டும். அம்மி கொத்துவதுபோலச் சுவர் முழுக்கக் கொத்த வேண்டும். அதற்கப்புறம் ஒருநாள் தண்ணீர் காட்டிச் சுவரை ஊறவிட வேண்டும். வழவழப்பில் சாந்து பிடிக்காது. கல்லோ கனம்.

வீட்டுக்கு ஆள் வருகிறது, அப்படியே ஒட்டிவிடுங்கள் என்றாள்.

அவர் இன்னொரு தடவையும் சொன்னார்.

"நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி."

வளைகாப்புக்கு வந்தவர்கள் எல்லாரும் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பதினேழாம் நாள் கல் விழுந்தது. நாத்தனார் வயிற்றுப் பிள்ளையோடு குளித்து முடித்து வெளியே வந்து, அத்தை உள்ளே போன சற்று நேரத்தில்.

அத்தையின் வலது காலில் இரண்டு விரல் போயிற்று.

கணவன் கொத்தனாரைத் தெருவில் நிறுத்திக் கத்தினான். பெயிண்ட் மேலேயே ஒட்டிவிட்டுப் போன சோம்பேறி என்றான். தெரு முழுக்க வாசலுக்கு வந்தது.

கொத்தனார் ஒரே ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் அத்தையின் காலடியில் கிடந்த ரத்தத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்துகொண்டே இருந்தாள்.

அவர் கரணைப் பையை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

ஒன்றரை வருடமாகப் புறவாசல் குளியலறைதான். அதற்கு மூன்று படி இறங்க வேண்டும். அத்தையால் இனி முடியாது. இதைத் திறந்து சரிசெய்ய வேண்டும் என்றபோது அத்தை ஒன்றுதான் சொன்னாள். பாக்கியநாதனைக் கூப்பிடு. வேற ஆளுன்னா பூட்டியே கெடக்கட்டும்.

கணவன் தன் அம்மாவிடம் ஏன் என்று கேட்டான். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் வந்துவிட்டார். காலையிலிருந்து அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அன்றைக்குப் பார்த்ததைவிட இன்று பார்க்காதது கனமாக இருந்தது. அன்று அவர் எதற்கோ காத்திருந்தார்.

"ஏ கொத்தனாரே." கணவன் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். "இந்த மட்டமாவது கொத்துவீரா? இல்ல, பெயிண்டு மேலயே அப்பிட்டு ஓடிருவீரா?"

அவர் உளியைக் கல்லின் விளிம்பில் வைத்தார். ஒரு நெம்பு. கல் சுலபமாகப் பிரிந்து வந்தது. நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக் கீழே இறக்கினார்.

இன்னொரு நீலச் சதுரம்.

"பாத்தியாட்டி," என்றான் கணவன்.

அவள் பார்த்தாள்.

"நாந்தான் கொத்த வேண்டாம்னு சொன்னேன்."

சின்னக் குரலில்தான் சொன்னாள். வெற்றறை அதைப் பெரிதாக்கித் திருப்பிச் சொன்னது.

"அவரு ரெண்டு மட்டம் சொன்னாரு. நாந்தான் கேக்கல."

கூடத்து மின்விசிறியின் சத்தம் கேட்டது. அது எப்போதும் கேட்டுக்கொண்டிருப்பதுதான்.

அவள் கணவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இனி அவன் எவ்வளவு கத்தினாலும் சரி என்றிருந்தது. நாள்பட்ட சளி இளகியதுபோல நெஞ்சுக்குள் மூச்சு அடிவரை போய் வந்தது.

கொத்தனார் உளியின் நுனியால் நீலத்தைச் சுரண்டினார். பால் ஏடுபோலச் சுருண்டு வந்தது.

"அண்ணாச்சி," என்றான் கணவன். அந்தச் சொல் அவன் வாய்க்குப் புதிது. "டீ குடிக்கியளா?"

"சீனி கம்மியா."

அவன் அடுக்களைக்குப் போனான். பாத்திரம் உருட்டும் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம், காதருகே கேட்டது.

அவ்வளவு பக்கத்தில்.

கொத்த வேண்டாம் என்று அவள் சொன்ன அன்றைக்கு அத்தை அந்த அடுக்களையில்தான் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

கூடத்தில் குதிகால் ஊன்றும் சத்தம். ஒரு காலை இழுக்கும் சத்தம். நெருங்கி வந்தது.

"தண்ணி நாளைக்குத்தான வேணும்? இப்பமே தூக்கிட்டு நிக்கா," என்றாள் அத்தை. "எறக்கி வையிட்டி."

வாளியை இறக்கி வைத்தாள். கைப்பிடியின் தடம் உள்ளங்கையில் சிவந்திருந்தது.

"நல்லாக் கொத்தும் பாக்கியநாதா. அவசரம் ஒண்ணுமில்ல."

உள்ளே முதல் கொத்து விழுந்தது.

விரல் போனதிலிருந்து அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். யாராவது தாங்க வந்தால் தட்டிவிடுவாள்.

இப்போது அந்தக் கை மருமகளின் தோளில் இருந்தது. முழுப் பாரத்தோடு.