பறவை நேசர் ஹால்வார்

"நேத்தைவிட இன்னிக்கு ரெண்டு மடங்கு! நம்ம பறவைங்களுக்கு என்னா பசி!"

படகுத்துறையின் காத்திருப்புக் கூடத்தில் நின்று ஹால்வார் கைதட்டினார். சுவரில் இருந்த பெரிய திரையில், ஒரு குட்டிக் கடற்காகப் படத்துக்குப் பக்கத்தில் எண் ஏறிக்கொண்டே போனது. படகுத்துறை மேலாளர் என்ற சின்னப் பதவிக்கு மேலே இன்று அவருக்கு இன்னொரு பட்டமும் கிடைக்கப் போகிறது. இந்த ஆண்டின் பறவை நேசர்.

எல்லாம் ஜூலை மாதம் தொடங்கியது. ஹைட்ரஜனில் ஓடும் படகுகளுக்காகக் கரையில் மூன்று பெரிய தொட்டிகள் நிற்கின்றன. தொட்டிச் சுவரில் மயிரிழை விரிசல் விட்டாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சொல்ல சென்சார்கள். சென்சார்கள் சொல்வதைக் கேட்க சுன்னிவா என்ற இன்ஜினியர். அவள் சொல்வதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

"ஹால்வார், மூணாம் தொட்டியில டக் டக்னு சத்தம் வருது. காலி பண்ணிப் பாத்துடலாம்."

"காலி பண்ணிட்டு? படகை நீ தள்ளுவியா?"

இருந்தாலும் பெருந்தன்மையாக வெளியே வந்து பார்த்தார். தொட்டியின் தோளில் ஒரு வெள்ளைக் கடற்காகம் உட்கார்ந்து, சென்சார் மூடியை மும்முரமாகக் கொத்திக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே கூடு.

"அதோ பாரும்மா உன் விரிசல். ரெக்கையெல்லாம் முளைச்சிருக்கு!"

சுன்னிவாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கையில் இருந்த கருவியில், அது கொத்தக் கொத்த 'டக்' என்று கேட்கத்தான் செய்தது. "ஆனா நாம தொட்டியை நிரப்புற நேரத்துலதான் ஜாஸ்தியா வருது" என்றாள் பாதி மனதாக.

"படகு வந்தாதானே நிரப்புறோம்? படகு வந்தா மீன் வறுக்கற வாசனை. வாசனை வந்தா பறவை. இதுக்கெல்லாமா காலேஜுக்குப் போகணும்?"

பறவைக் கூட்டைக் கலைத்தால் சட்டப்படி குற்றம். தொட்டியைக் காலி செய்தால் படகு அட்டவணைப்படி குற்றம். ஆகவே ஹால்வார் இரண்டுக்கும் பங்கம் வராத வழியைக் கண்டுபிடித்தார். இந்த மாதிரி சத்தம் வந்தால் அபாயமணி அடிக்காதே, 'பறவை' என்று எண்ணிக்கொள் என்று கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார்.

அன்றோடு அபாயமணி ஓய்ந்தது. தலைமை அலுவலகம் பாராட்டியது. பறவை எண்ணிக்கையைக் கூடத்தில் திரை வைத்துக் காட்டலாம் என்பதும் அவர் யோசனைதான். பயணிகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு தொட்டிகளைப் பார்க்க அவருக்கு நேரமே இல்லை, திரையைப் பார்க்கவே பொழுது சரியாக இருந்தது.

இதோ டிசம்பர். வெளியே புதுப்பனி, உள்ளே வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும். மத்தியானப் படகுக்காகக் குழந்தைகளும் தள்ளுவண்டிகளுமாகக் கூடம் நிறைந்திருந்தது. துறையில் படகு வந்து நிற்க, மூன்றாம் தொட்டியை நிரப்பும் குழாயின் சீறல் சன்னலைத் தாண்டிக் கேட்டது.

விருதைக் கொடுக்கப் பறவைச் சங்கத்திலிருந்து குட்னி வந்திருந்தார். கழுத்தில் தொலைநோக்கி. கூடுகளைக் கலைக்காமல் விட்டதற்காக நாலு நல்ல வார்த்தை சொல்லி, மரத்தில் செதுக்கிய பறவை ஒன்றை ஹால்வார் கையில் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். சுன்னிவாகூட, வாஃபிள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள்.

"அந்தத் திரை எதுக்கு?" என்றார் குட்னி.

"அப்படிக் கேளுங்க! நம்ம விருந்தாளிங்க கொத்துற கணக்கு. கோடையில இத்தனை இல்ல. செப்டம்பர்லேர்ந்து கூடிக்கிட்டே போகுது. அன்பா வச்சுக்கிட்டா அதுங்களுக்கும் தெரியுதுல்ல?"

எண் அவர் பேசும்போதே இன்னும் வேகமாக ஏறியது. குட்னி அதைப் பார்த்தார். தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு சன்னலருகே போய், மூன்றாம் தொட்டியை அடியிலிருந்து முடிவரை நிதானமாகப் பார்த்தார். பாராட்டுக்காக ஹால்வார் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

குட்னி திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இந்தப் பறவைங்க ஆகஸ்ட்லயே நடுக்கடலுக்குப் போயிடும், ஹால்வார். மார்ச்லதான் திரும்பும். அப்போ அங்க கொத்துறது யாரு?"