ரோஸ்ட் தட்டு திரும்பும் இடம்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. டாஸ்மேனியாவின் பர்னி நகரில் ஒரு புது வீட்டின் தரைக்கு நாளை கான்கிரீட் போடுகிறார்கள். அதன்பிறகு தரைக்கடியில் போகும் சமையலறைக் குழாயை நகர்த்த முடியாது.

பக்கத்துக் கார் கொட்டகையின் சிமெண்ட் தரையில் நோலீன் அந்தச் சமையலறையைச் சாக்பீஸால் வரைந்து வைத்திருக்கிறாள். கவிழ்த்த பால் கூடைகள்தான் அலமாரி; மீன்பிடிக்கக் கொண்டுபோகும் ஐஸ்பெட்டி அடுப்பு. நடுவில், இருபது வருடமாக அவள் ஆசைப்பட்ட, பாத்திரம் கழுவும் தொட்டி வைத்த சமையல் மேடைக்குப் பதிலாகப் பியர் அட்டைப்பெட்டிகள். போன வருடம் வலது காலை இழந்த அவள் கணவன் கெல், இறைச்சி வாட்டும் ஆழமான ரோஸ்ட் தட்டில் தண்ணீர் நிறைத்து மடியில் வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியைத் திருப்புகிறான். சக்கரம் பெட்டியில் இடிக்கிறது. தண்ணீர் மடியில் கொட்டுகிறது.

“ஞாயித்துக்கிழமை ரோஸ்ட்டை இனிமே நீயே பண்ணிக்கோ,” என்கிறான், அவளைப் பார்க்காமல்.

“நான் பண்ணா நாய்கூடத் தின்னாது.”

நோலீன் பெட்டிகளைக் காலால் தள்ளுகிறாள். மேடையின் கோட்டைச் செருப்பால் தேய்த்து அழிக்கிறாள். கெல் தட்டை மறுபடி நிரப்பித் திரும்புகிறான். தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயில் தட்டில் ஆடுகிறது. தண்ணீர் விளிம்புவரை வந்து, தங்கிவிடுகிறது. இன்னொரு முறை சுற்றுகிறான். சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

“சர்க்கஸ் முடிஞ்சுதா? குழாயை எங்க வைக்கட்டும்?” என்று வாசலிலிருந்து பிளம்பர் டாஸ் கத்துகிறான்.

நோலீன் சிரித்தபடி ஐஸ்பெட்டிமேல் பொத்தென்று உட்கார்கிறாள்.

“அடுப்பு மேல உக்காராதடி,” என்கிறான் கெல்.

பத்தரை மணிக்கு டாஸ் ஜன்னலோரச் சுவரின் கீழே குழாயைப் பதிக்கிறான்.