எலுமிச்சம்பழத்தின் பக்கம்

எண்ணெய் ஆலைக்குப் போகிற ராட்சத இரும்புக் கலன் ஒன்றை நூற்றிருபது சக்கர வண்டி பதினேழு நாளாகச் சுமந்துகொண்டு வந்தது. வழியெல்லாம் மின்கம்பியைத் தூக்கிப் பிடித்தார்கள், புளியமரக் கிளைகளை வெட்டினார்கள். ஆலை வேண்டாம் என்றவர்கள் மறித்தார்கள். வேண்டும் என்றவர்கள் மாலை போட்டார்கள். இரண்டுக்கும் வண்டி நின்றுதான் ஆகவேண்டும்.

அன்று காலை ஓட்டுநர் சங்கிலிமுத்து, “நல்லபடியா போய்ச் சேரணும்” என்று முன்சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் வயல்காரி பேச்சியம்மாள் வந்தாள். “இதுக்கு மேல ஒரு அடி நகரக்கூடாது” என்று வேண்டிக்கொண்டு, பக்கத்திலேயே இன்னொரு பழத்தை வைத்துவிட்டுப் போனாள்.

சக்கரத்துக்கு அலுத்துவிட்டது.

“நான் இப்ப யாரு பேச்சைக் கேக்கறது? போறதா, நிக்கறதா?” என்று பழங்களைக் கேட்டது.

“எங்களுக்கும் தெரியலண்ணே” என்றது முதல் பழம். “நாங்க ரெண்டு பேரும் ஒரே மரம். சந்தைக்கும் ஒரே கூடையிலதான் வந்தோம்.”

“அது இருக்கட்டும். ஆலை வரணும்ங்கற பக்கமா நீங்க, வேண்டாம்ங்கற பக்கமா? அதையாவது சொல்லுங்க. பதினேழு நாளா எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க.”

அதற்குள் சங்கிலிமுத்து ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிவிட்டார்.

“நாங்க அடிப்பக்கம்ண்ணே” என்றது இரண்டாவது பழம். “பாத்து ஏறுங்க.”